ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் கத்துகிறதா? வளையமா, வெல்டிங்கா, புது சைலன்சரா

“போன சீசன் வரைக்கும் ஐட்லிங்கில் பக்கத்தில் நின்று பேசலாம். இப்போது ஸ்டார்ட் செய்தால் டிராக்டர் மாதிரி கத்துகிறது. ஓட்டையை வெல்டிங் வைத்து அடைக்கவா, சைலன்சரையே மாற்றிவிடவா?” பனிக்காலம் தொடங்கினால் ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் (பனியில் சறுக்கி ஓடும் வண்டி) வைத்திருப்பவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. ஓட்டையைப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்டால், “பார்க்கவில்லை, சத்தத்தை வைத்துச் சொல்கிறேன்” என்பார்கள். பாதிச் செலவு வீணாவது இந்த இடத்தில்தான்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் இரைச்சலில் சின்னக் கசிவு அமுங்கிப்போகும். ஃபோர் ஸ்ட்ரோக் அடக்கமாக ஓடுவதால் ஒரு ஸ்பிரிங் கழன்றாலும் காதில் விழும். போதாததற்கு, சில வண்டிகளில் எஞ்சின் முன்னால் இருக்க, சைலன்சர் இருக்கைக்கு அடியில் பின்பக்கம் இருக்கும். 2003 மாடலாக வந்த யமஹா ஆர்எக்ஸ்-1, அதன் வாரிசான ஏபெக்ஸ் இரண்டும் இந்த ரகம். நடுவில் நீளமான குழாயும் மூட்டுகளும் உண்டு. முன்னால் பிறக்கிற சத்தம் அந்தச் சுரங்கம் வழியாக வந்து பின்னால் கேட்கும். பாவம், பழி சைலன்சர் மேல் விழும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

விலையை வைத்துத் தொடங்காதீர்கள். நான் பார்க்கிற வரிசை இது.

முதலாவது, பழுது எங்கே? இரண்டு குழாய்கள் சேரும் மூட்டிலா, குழாயின் உலோகத்திலா, சைலன்சரின் வயிற்றுக்குள்ளா? மூன்றுக்கும் மருந்து வேறு. இரண்டாவது, எதனால் வந்தது? தாங்கு ரப்பர் அறுந்து குழாய் தொங்கியதால் விரிசல் விட்டிருந்தால், விரிசலை மட்டும் அடைப்பது அடுத்த விரிசலுக்கு நாள் குறிப்பதுதான். மூன்றாவது, கழற்றி மாட்டும் உழைப்பு. பின்பக்க சைலன்சர் வண்டிகளில் மூட்டை அடைக்கும் உள்ளங்கையளவு வளையத்தை மாற்ற இருக்கையையும், சில சமயம் பெட்ரோல் டேங்கையும் நகர்த்த வேண்டி வரும். நான்காவது, வேலை முடிந்தபின் வண்டி சட்டப்படி சத்த வரம்புக்குள் நிற்குமா?

பாதுகாப்பை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அதில் தேர்வே கிடையாது. மூடிய பானட்டுக்குள் கசியும் சூடான புகை பிளாஸ்டிக்கை உருக்கும், வயர்களைப் பொசுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கீழே சொல்லும் சோதனைகளில் எஞ்சின் ஓட வேண்டியதையெல்லாம் வெட்டவெளியில் செய்யுங்கள். கொட்டகைக் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

## முதலில் காது, அப்புறம் சோப்புத் தண்ணீர்

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று தட்டி, சூடாக ஆகக் குறைந்தால், எஞ்சின் தலையில் குழாய் சேரும் இடத்தை அடைக்கும் கேஸ்கட்டையோ அங்குள்ள சின்ன விரிசலையோ சந்தேகிக்கலாம். உலோகம் சூட்டில் விரிந்து தானே இடுக்கை மூடிக்கொள்கிறது. ஆனால் இதே டிக் டிக்கை வால்வும் கொடுக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் புகை தள்ளும். வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் திறக்கும். ஐட்லிங் நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் இரண்டுமே நிமிடத்துக்கு 750 தட்டு. எண்ணிப் பார்த்துப் பிரிக்க முடியாது. பாரம் ஏற்றிப் பிரிக்கலாம்: வண்டி இழுக்கும்போது சத்தம் கூடினால் கசிவு, அப்படியே இருந்தால் பெரும்பாலும் வால்வு.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சர்ரென்று அதிர்ந்து, அதைத் தாண்டியதும் காணாமல் போனால் அது கசிவே அல்ல. வெப்பத் தடுப்புத் தகடோ கிளாம்ப்போ லூஸாகியிருக்கும். 2011 ஏபெக்ஸ் மாதிரி புகைப்பாதையிலேயே வால்வு வைத்த வண்டிகளில் அதன் கேபிளையும் ஆட்டிப் பாருங்கள். ஆக்ஸிலேட்டரை விட்டதும் பட் பட் என்று வெடித்தால் மூட்டு வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாத பெட்ரோல் குழாயிலேயே எரிகிறது என்று ஊகிக்கலாம். எரிபொருள் கலவை மெலிந்திருந்தாலும் இதே வெடிப்பு வரும் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஐட்லிங்கில் பெல்ட் பக்கமிருந்து வரும் கடகடப்பு கிளட்ச்சின் கைவரிசை. அதைக் கண்டுபிடிக்கப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை முறுக்குகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். வேண்டாம், பாரமில்லாத கிளட்ச் கட்டுமீறிச் சுற்றும்.

எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறியபின் சைலன்சரை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். திடமான ‘தொம்’ வந்தால் நல்லது. உண்டியலில் சில்லறை குலுங்குவதுபோல் கேட்டால் உள்தடுப்புத் தகடு கழன்றுவிட்டது. ஒருமுறை இப்படித் தட்டியபோது ஏதோ சரசரத்தது. வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால் பஞ்சும் காய்ந்த புல்லும். கோடை முழுக்க எலி உள்ளே குடித்தனம் நடத்தியிருக்கிறது.

இனி சோப்புத் தண்ணீர். காற்றை வெளியே ஊதும் வசதியுள்ள வாக்குவம் கிளீனரின் குழாயைச் சைலன்சர் வாயில் வைத்து, சுற்றிலும் துணியைத் திணியுங்கள். எஞ்சின் அணைந்து ஆறியிருக்க வேண்டும். மெஷினை ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் வெல்டிங் கோட்டிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போங்கள். நல்ல மூட்டில் நுரை சும்மா வழியும். கசியும் மூட்டில் வளையத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் நுரைக் குமிழ்கள் பொங்கிப் பொங்கி உடையும். தலைமயிர் அளவு விரிசலில் கடுகு போன்ற குமிழ்கள் ஒரே கோட்டில் வரிசை கட்டும். மூட்டை ஒட்டிக் கருப்புக் கரி விசிறிபோல் படிந்திருந்தால் சந்தேகம் தீர்ந்தது. கொஞ்சம் கசிவு சில மூட்டுகளுக்கு இயல்பு, அதிலும் ஸ்பிரிங் மட்டும் பிடித்திருக்கும் மூட்டுகளுக்கு. பொங்குகிறதா, முணுமுணுக்கிறதா என்பதுதான் கேள்வி.

## மூட்டு வளையம், ஸ்பிரிங், கேஸ்கட்

நீளமான குழாய் வண்டிகளில் எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் இதன்மேல்தான். மூட்டில் உட்காரும் வளையம் வடை மாதிரி உருண்டையாக இருக்கும். அது இறுக்கி அடைக்கிற வாஷர் அல்ல. எஞ்சின் அதிரும்போது குழாய் சற்றே அசைய இடம் கொடுத்துக்கொண்டே புகையையும் தடுக்க வேண்டிய பொருள். அதனால் தேய்வது அதன் விதி. தேய்ந்ததும் ஸ்பிரிங் தளரும், குழாய்கள் உலோகத்தோடு உலோகம் உரசும், கரகரவென்ற சத்தம் வரும்.

வளையம் மலிவு. மறைந்திருக்கிற செலவு அதை அடைவதில் இருக்கிறது. எஞ்சின் தலையிலுள்ள கேஸ்கட் வரை போக வேண்டியிருந்தால் துருப்பிடித்த ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒன்று நட்டோடு சேர்ந்து முறியும் ஆபத்து உண்டு. அலுமினியத் தலைக்குள் முறிந்த ஸ்டட்டை எடுப்பது, சைலன்சர் மாற்றுவதையே சின்ன வேலையாக்கிவிடும். முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். நட்டு திரும்ப மறுத்தால் மல்லுக்கு நிற்காமல் சூடேற்றுங்கள், அதற்கு முன் எண்ணெயைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் பட்ட பாடு ஒன்று. புது வளையம் வாங்கி, பின்மூட்டை முதலில் முறுக்கி, அப்புறம் முன்பக்கத்தை இழுத்துப் பிடித்து மாட்டினேன். அன்றைக்கு வண்டி பூப்போல ஓடியது. சீசன் முடியும் முன்பே பழைய கரகரப்பு திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தால் வளையம் ஒரு பக்கம் பிறைபோல் தேய்ந்திருந்தது. குழாய் கோணலாக நின்றிருக்கிறது, வேறொன்றுமில்லை. எல்லாவற்றையும் லூஸாகக் கோத்து, தானாக நேருக்கு வந்து உட்காரவிட்டு, எஞ்சின் பக்கமிருந்து பின்னோக்கி முறுக்கிக்கொண்டு வர வேண்டும். தாங்கு ரப்பர் வெடித்திருந்தால் அதையும் அப்போதே மாற்றுங்கள்.

ஸ்பிரிங்கைப் பழசே போதும் என்று விடாதீர்கள். கொக்கி உள்பக்கம் பாதி தேய்ந்திருப்பது மாட்டியிருக்கும்போது தெரியாது. சிலிகான் பசை தடவி வளையத்துக்கு ‘உதவி’ செய்வதும் வேண்டாம். செம்பு நிறத்தில் வரும் வெப்பம் தாங்கும் பசைக்கே தாக்குப்பிடிக்கும் எல்லை சுமார் 370 டிகிரி செல்சியஸ். எஞ்சினை ஒட்டிய குழாயின் சூடு அதைத் தாண்டும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டியில் தப்பான சிலிகான் பசையின் ஆவி சென்சாரையே கெடுக்கும்.

## வெல்டிங்

குழாய் உலோகத்தில், எட்டும் இடத்தில், ஒரே ஒரு விரிசல் இருந்து, சுற்றிலும் உலோகம் கெட்டியாக இருந்தால் வெல்டிங்தான் சரி. ஸ்க்ரூ டிரைவர் முனையால் விரிசலைச் சுற்றி அழுத்திப் பாருங்கள். அமுங்கினாலோ துரு செதில் செதிலாக உதிர்ந்தாலோ அங்கே வெல்டிங் நிற்காது. ஒரு ஓட்டையை மூடினால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும்.

ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு ஆர்கான் வெல்டிங் தெரிந்தவர் வேண்டும். சாதாரண ராடு வைத்துக் குவித்துவிட்டால் மெல்லிய சுவர் எரிந்து ஓட்டை பெரிதாகும். நல்ல ஆள் என்றால் விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டு, மேற்கொண்டு ஓடாமல் நிறுத்தி, அப்புறம்தான் பற்றவைப்பார். உள்பக்கமும் ஆர்கான் விடுவாரா என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி புரிந்தாலே பாதி நம்பிக்கை வந்துவிடும்.

மறைந்திருக்கிற செலவு இரண்டு. சூட்டில் குழாய் லேசாக வளைந்தால் மூட்டு கோணலாகி, விரிசல் போய் வளையம் போன கதையாகும். ஆகையால் வெல்டிங் முடிந்ததும் மாட்டிப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். இரண்டாவது, வண்டியிலிருந்து கழற்றாமலே பற்றவைக்கும் சோம்பல். பக்கத்தில் பெட்ரோல் டேங்க், பேட்டரி, கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் இருக்கின்றன. “பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் செய்துவிடலாம் சார்” என்பார்கள். குழாயைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

சைலன்சருக்குள் தடுப்புத் தகடு கழன்றிருந்தால் வயிற்றைக் கிழித்துத் தைக்கும் வேலை. செய்யலாம், செய்திருக்கிறார்கள். ஆனால் அறைகளின் அளவும் துளைகளும் முன்போல் அமையாவிட்டால் சத்தம் வேறொரு குரலில் திரும்பி வரும்.

## அதே கம்பெனியின் சைலன்சர்

வயிற்றுக்குள் பழுது அல்லது பரவலான துரு என்றால் இதைத் தவிர நிம்மதியான வழி இல்லை. சட்ட வரம்பு, எரிபொருள்–காற்றுக் கலவைக் கணக்கு, பொருத்தம் எதைப்பற்றியும் யோசிக்க வேண்டாம். விலைதான் யோசிக்க வைக்கும். இன்னொன்று, பாகம் எத்தனை காலம் கிடைக்கும் என்பது. யமஹா ஸ்னோமொபைல் தொழிலை விட்டு விலகுவதாக 2023-ல் அறிவித்தது. வட அமெரிக்காவில் 2025 மாடலோடு விற்பனை முடிவு என்றது. பழைய யமஹா வைத்திருப்பவர்கள் வளையம், கேஸ்கட், தாங்கு ரப்பர் போன்ற தேய்மானச் சாமான்களில் ஒரு செட் வாங்கி அலமாரியில் போட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய சைலன்சர் நல்ல நடுவழி. வாங்கும் முன் கையில் தூக்கிக் குலுக்குங்கள். சில்லறை குலுங்கினால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். மூட்டு வாய் வட்டமாக இருக்கிறதா, ஸ்பிரிங் மாட்டும் காதுகள் முறிந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். வெளிப்பக்கம் பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் கூடும்.

## வேறு கம்பெனியின் லேசான சைலன்சர்

இதைப் பழுதுபார்ப்பு என்று கூப்பிடுவதே எனக்கு உடன்பாடில்லை. இது ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை, கணக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

லாபம் எடைதான். பல கிலோ குறையும், அதுவும் பின்பக்கத்தில். ஆழமான பனியில் வண்டியை இழுத்துத் திருப்புகிறவர்களுக்கு அது தெரியும். சத்தம்? வட அமெரிக்காவில் ஸ்னோமொபைல் தரச்சான்று, முழு ஆக்ஸிலேட்டரில் சுமார் 15 மீட்டர் தூரத்தில் 78 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. பனிப்பாதையில் நிறுத்தி வைத்துச் சோதிக்கும் எஸ்ஏஈ (வாகனப் பொறியாளர் சங்கம்) ஜே2567 முறையில் 4 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் என்பது வழக்கமான எல்லை. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா இன்னும் கறார்: அங்கே நுழையும் ஸ்னோமொபைல் மணிக்கு 35 மைல் வேகத்தில் 67 டெசிபலைத் தாண்டக்கூடாது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படியுங்கள். பனிப்பாதைகள் பல தனியார் நிலம் வழியாகப் போகின்றன. நில உரிமையாளருக்குத் தூக்கம் கெட்டால் பாதை மூடப்படும், சத்தம் போட்டவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்.

அப்புறம் பராமரிப்பு. கம்பெனி சைலன்சர்கள் பெரும்பாலும் அறைகளும் தகடுகளுமாக இருக்கும். லேசான ரகங்கள் பல, துளைக்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு திணித்தவை. பஞ்சு எரிந்து பறந்துபோகும். வாங்கிய அன்று இருந்த குரல் இரண்டு சீசன் கழித்து இருக்காது. புகைப்பாதையின் தடை மாறுவதால் எரிபொருள் கணக்கைத் திருத்த வேண்டிய வண்டிகளும் உண்டு.

## பேஸ்ட், டேப், சும்மா விடுவது

அலுமினிய டேப்பும் சைலன்சர் பேஸ்ட்டும் வீடு போய்ச்சேர உதவும். அதிர்விலும், சூடும் பனியும் மாறி மாறி அடிப்பதிலும் சீக்கிரம் பொரிந்து உதிரும். பையில் ஒன்று வைத்திருங்கள், பழுது நீங்கிவிட்டதாக மட்டும் நினைக்காதீர்கள்.

சும்மா விடலாமா என்றால், அதிர்வது வெப்பத் தடுப்புத் தகடு என்றால் விடலாம். நுரை பொங்குகிற கசிவு என்றால் கூடாது. டர்போ வண்டியில் டர்போவுக்கு முன்னால் கசிந்தால் சக்தியே குறையும்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது சரி | எப்போது வேண்டாம் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|
| வளையம், ஸ்பிரிங், கேஸ்கட் | மூட்டில் நுரை பொங்கினால் | குழாய் வாய் நெளிந்திருந்தால் | கழற்றும் நேரம், முறியும் ஸ்டட் |
| வெல்டிங் | கெட்டி உலோகத்தில் ஒற்றை விரிசல் | துரு, உள்தகடு கழன்றது | குழாய் வளைந்து மூட்டு கோணலாவது |
| கம்பெனி சைலன்சர், புதிது | உள்ளே உடைந்தால், பரவலான துரு | மூட்டுக் கசிவு மட்டும் என்றால் | விலை, பாகத்துக்குக் காத்திருப்பது |
| கம்பெனி சைலன்சர், பழையது | பழைய வண்டி, நல்ல பாகம் கையில் கிடைத்தால் | குலுக்கிப் பார்க்க முடியாவிட்டால் | வாங்கிய அன்றே இன்னொரு பழுது |
| லேசான சைலன்சர் | எடைதான் குறிக்கோள், சத்த வரம்புக்குள் நின்றால் | பனிப்பாதையில் ஓட்டுபவர்களுக்கு | பஞ்சு மாற்றுதல், எரிபொருள் திருத்தம், அபராதம் |
| டேப், பேஸ்ட் | வழியில் மாட்டிக்கொண்டால் | நாளைக்கும் | இரண்டாம் முறை கழற்றுவது |

எதைத் தேர்ந்தெடுத்தாலும், முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று கேளுங்கள். சிமென்ட் தரையில் கேட்டுவிட்டு, பழுது பார்த்தபின் புதுப்பனியில் கேட்டால் எல்லாமே சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். புதுப்பனி பஞ்சு மெத்தை மாதிரி சத்தத்தை விழுங்கும். போனிலுள்ள டெசிபல் செயலி சட்டத்துக்கு உதவாது. ஆனால் அதே இடம், அதே தூரம், அதே எஞ்சின் வேகம் என்று வைத்து ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

டிராக்டர் என்று ஆரம்பத்தில் புலம்பியவர் வண்டிக்கு வருவோம். சைலன்சரைத் தட்டினோம், கெட்டி ‘தொம்’. வாக்குவம் வைத்து நுரை தெளித்தோம், சைலன்சரில் ஒரு குமிழ் இல்லை. நடு மூட்டில் மூன்று ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. வளையம் பாதி காணோம். வளையம், மூன்று ஸ்பிரிங், வெடித்திருந்த ஒரு தாங்கு ரப்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். இருக்கையை மாட்டப் போனவரைத் தடுத்து, முதலில் இன்னொரு முறை சோப்புத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன்.